மூட்டைப்பூச்சிக்கு இரண்டு சர்வீஸ், ஒரு மெத்தை உறை, எட்டுக் கிண்ணம்: உறையூரிலிருந்து ஒரு தையல்காரியின் அனுபவம்

முதலில் வந்தவர் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். 1,200 ரூபாய். அடுத்து வந்த இருவர் முதல் ஒன்றேகால் மணி நேரம் மருந்து கேனைத் திறக்கவே இல்லை. டார்ச் லைட்டும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துக்கொண்டு என் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 4,800 ரூபாய். இன்று என் வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை. மருந்தைவிட அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

திருச்சி உறையூரில் பதினெட்டு வருடமாக வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எந்த நாளும் முப்பது நாற்பது பேருடைய துணி என் வீட்டில் இருக்கும். பாதி பிளவுஸ், அதிலும் முகூர்த்த மாதம் என்றால் பட்டு. மற்ற வீடுகளில் மூட்டைப்பூச்சி வந்தால் தூக்கம் கெடும். எனக்குப் பிழைப்பே கெட்டுவிடும். ஒரு வாடிக்கையாளரின் பிளவுஸ் மடிப்பில் ஒரே ஒரு பூச்சி அவர் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தெருவில் அப்புறம் எனக்கு யார் துணி கொடுப்பார்கள்?

இரண்டு நிறுவனங்களின் பெயரையும் எழுதவில்லை. முதலாவதைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. இரண்டாவது, திருச்சிக்குள் மட்டும் வேலை செய்கிற சின்ன இடம். திருநெல்வேலியில் இருக்கிறவருக்கு அந்தப் பெயரால் பயன் இல்லை. ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்ன பார்க்கணும், என்ன கேட்கணும் என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

2025 பொங்கல் லீவுக்கு என் மகள் கோவையில் கல்லூரி விடுதியிலிருந்து வந்தாள். கையில் ஒரு டிராலி பெட்டி, ஒரு போர்வை மூட்டை. விடுதியில் பூச்சி இருந்தது அவளுக்குத் தெரியும், ஆனால் அது கூடவே பயணம் செய்யும் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் கட்டில் தையல் மெஷின் இருக்கும் அறையில்தான் கிடக்கிறது. வேலை முடிய நள்ளிரவு ஆகிவிடும் நாட்களில் நான் அங்கேயே படுத்துவிடுவேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் இடது முழங்கைக்கு மேலே மூன்று தடிப்பு, ஒரே கோட்டில். கொசு என்று நினைத்தேன். மின்விசிறியை வேகமாக வைத்தேன், நொச்சி போட்டுப் புகை மூட்டினேன். கொசு போனது, தடிப்பு போகவில்லை. கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு குறைந்தது, மறுநாள் புதுத் தடிப்பு. என் மாமியார் பக்கத்து அறையில் படுக்கிறவர், இரண்டு மூன்று நாள் மத்தியானம் அதே கட்டிலில் படுத்திருந்தார். அவர் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனாலேயே எனக்குப் பூச்சி என்ற சந்தேகம் வரவில்லை. கடித்தாலும் சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தடித்தால், "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று மற்றவர் சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது மாமியார்தான். விரிப்பை உதறும்போது மூலையில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, இது மூட்டைப்பூச்சி எச்சம்டி. லால்குடி வீட்டுல கயித்துக் கட்டில்ல இப்படித்தான் இருக்கும்" என்றார். ஈரப் பஞ்சால் ஒரு பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் தூளைக் கரைத்த மாதிரி பழுப்புச் சிவப்பாகப் பஞ்சில் ஏறியது. குடித்த இரத்தம் செரித்து வெளியே வந்ததுதான் அந்தப் பொட்டு. துணியில் மார்க்கர் பேனாவை வைத்து எடுத்தால் மை ஊறிப் பரவுமே, அப்படி ஊறியிருக்கும். உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

அன்று இரவு மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். விடிவதற்கு முந்தைய நேரத்தில்தான் இவை அதிகம் நடமாடும். லைட் போடாமல் டார்ச்சை மட்டும் மெத்தையின் ஓரத்தில் சாய்த்து அடித்தேன். மெத்தை ஓரத்தில் சுற்றிவர ஒரு பைப்பிங் தைத்திருப்பார்கள். நான் ஆயிரக்கணக்கான பைப்பிங் தைத்தவள். அதன் மடிப்புக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மடிப்பை நகத்தால் விரித்தேன். பெரியது ஒன்று, ஆப்பிள் விதை அளவு, தட்டையாக, செம்பழுப்பில். அதன் பக்கத்தில் எள்ளைவிடச் சிறிய, வைக்கோல் நிறத்தில் கண்ணாடி மாதிரி நாலைந்து குஞ்சுகள். ஒன்றின் வயிற்றில் மட்டும் சிவப்பாக ஒரு துளி தெரிந்தது. அது என் இரத்தம். தையலோடு தையலாக வெள்ளையாக முட்டைகள், ஒரு மில்லிமீட்டர் இருக்கும், பசை போட்டு ஒட்டியது போல அசையாமல். பாம்புச் சட்டை மாதிரி உரித்துப் போட்ட தோல்கள், ஊதினால் பறந்தன. பெரியதை நசுக்கினேன். ஒரு நாற்றம் வந்தது, கொத்தமல்லித் தழை அழுகினால் வருமே, அது போல. அதற்கப்புறம் அன்று நான் தூங்கவில்லை.

ஒரு பூச்சியை செலோடேப்பில் ஒட்டி நோட்டில் வைத்துக்கொண்டேன். இதை நீங்களும் செய்யுங்கள். வருகிற ஆளிடம் காட்டலாம். கரப்பான் குஞ்சையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

காலையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வசம்பு, கற்பூரம், வேப்பிலை. மூன்றையும் வைத்துப் பார்த்தேன். அறை மணந்தது, அவ்வளவுதான். மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடு என்றார்கள். திருச்சி வெயிலில் போட்டும் பார்த்தேன். மேல் பக்கம் கை வைக்க முடியாத சூடு, புரட்டினால் கீழ்ப்பக்கம் இளஞ்சூடுதான். பூச்சி சும்மா இருக்குமா, நிழல் இருக்கிற பக்கம் நகர்ந்துவிடும். மாமியார் காலத்தில் கயிற்றுக் கட்டிலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார்களாம். அது சரியான வைத்தியம்தான், 50 டிகிரி சூட்டைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் பிழைப்பது கஷ்டம். ஆனால் கயிறும் சட்டமும் மட்டும் இருந்த கட்டில் அது. பிளைவுட் கட்டிலில் வெந்நீர் ஊற்றினால் கட்டில்தான் போகும்.

உறவினர் ஒருவர் போனில் சொன்னதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டைக்கு வண்டு வராமல் வைக்கும் மாத்திரையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துவிடும் என்றார். அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். அடுத்த அறைக்கும், சுவர் இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். அதை முறிக்கிற மருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கத்தில், எலிமருந்து வைத்த வீட்டில் படுத்திருந்த இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியைத் தமிழ்நாடு முழுவதும் படித்தோம். அந்தச் செய்தி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த யோசனை. தயவுசெய்து யாரும் அதைத் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி நோயைப் பரப்பியதாக இதுவரை நிரூபணம் இல்லை. அரிக்கும், தூக்கம் போகும், மனசு நொந்துபோகும். அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 20-ஆம் தேதி முதல் சர்வீஸ். போனில் இரண்டு கேள்விதான் கேட்டார்கள்: எத்தனை அறை, என்றைக்கு வரட்டும். வந்தவர் தோளில் தெளிப்பான். நான் செலோடேப்பை நீட்டினேன், பார்க்கவில்லை. "அதெல்லாம் தெரியும்மா, எல்லாரும் வெளிய நில்லுங்க" என்றார். மெத்தையைத் தூக்காமல் மேலாக அடித்தார், சுவர் ஓரமாக ஒரு சுற்று, அலமாரிக்குக் கீழே ஒரு வீச்சு. மாமியாருக்கு இழுப்பு உண்டு என்பதால் மருந்தின் பெயரைக் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம்" என்றார். கேனில் லேபிள் இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். காசு கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வாரம் நிம்மதி. பூச்சிகள் செத்துக் கிடந்தன, கூட்டி அள்ளினேன். மார்ச் 2-ஆம் தேதி காலையில் கழுத்தில் தடிப்பு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி இரண்டு நாள் கழித்து: மாமியாரின் இரும்புக் கட்டிலில், குழாய்க்கால் முனையில் இருக்கும் ரப்பர் மூடிக்குள் நான்கு பூச்சிகள். அதுவரை ஒரு அறையில் இருந்தது இரண்டு அறைக்குப் போய்விட்டது. மருந்து அடித்த அந்த வாரம் நானும் அந்த அறையில்தான் போய்ப் படுத்திருந்தேன். போன் செய்தேன். "பூச்சி ரொம்ப இருந்திருக்கும்மா, இன்னொரு தடவை அடிக்கணும், ஆயிரம் கொடுங்க" என்றார்கள்.

அன்று மாமியாரின் கட்டிலைப் பார்த்தபோதுதான் அழுதேன். அவருக்கு எழுபத்தாறு வயது. அவர் தூங்கும் இடத்துக்கு நானே கொண்டுபோய் விட்டது போல இருந்தது.

இரண்டாவது சர்வீஸைச் சொன்னது என் வாடிக்கையாளர் ஒருவர். நடந்தது இதுதான்: கையில் இருந்த துணிக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். "வீட்ல மூட்டைப்பூச்சி வந்திருக்கு, உங்க துணி பத்திரமா இருக்கு, ஆனா இரண்டு வாரம் தள்ளித்தான் தருவேன், வேண்டாம்னா இப்பவே சூடா அயர்ன் பண்ணிக் கொடுத்துடறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. முப்பத்தி நான்கு பேரில் மூன்று பேர்தான் துணியைத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். ஐந்து பேர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்க வீட்லயும் இருந்துச்சு" என்றார்கள். அப்படிப் பேசியபோதுதான் அந்த சர்வீஸின் பெயரும் வந்தது. ஒருவர் வீட்டில் நான்கு மாதமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அழுக்கு வீட்டில்தான் இது வரும் என்று எல்லோரும் நம்புவதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. பூச்சிக்கு வேண்டியது நம் மூச்சுக்காற்றும் உடல் சூடும் இரத்தமும்தான். தினமும் துடைக்கிற வீடா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ரயில் பெர்த், பேருந்து சீட், விடுதி, பழைய சோபா, எங்கிருந்தும் வரும்.

மார்ச் 8, சனிக்கிழமை. ஒரு பெரியவரும் ஒரு இளைஞரும் வந்தார்கள். போனிலேயே ஆறேழு கேள்வி கேட்டிருந்தார்கள்: யார் எங்கே படுக்கிறீர்கள், வீட்டில் குழந்தை, முதியவர், ஆஸ்துமா உண்டா, மீன்தொட்டி உண்டா, ஏற்கெனவே மருந்து அடித்தீர்களா, அடித்தது என்ன. "இடம் மாத்திப் படுக்காதீங்க அக்கா. நீங்க எங்க போறீங்களோ அதுவும் அங்க வரும்" என்று இளைஞர் சொன்னதும்தான் மாமியார் அறைக்கு எப்படிப் போனது என்று புரிந்தது.

அறைக்குள் வந்து முதலில் என் செலோடேப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அப்புறம் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி, தலைமாட்டுப் பலகையைக் கழற்றினார்கள். பலகைக்குப் பின்னால் நான்கு ஸ்க்ரூ துளைகள். ஒவ்வொன்றிலும் பழைய ஏடிஎம் கார்டின் மூலையை விட்டு நெம்பினார் பெரியவர். ஒரு துளையிலிருந்து மட்டும் பதினோரு பூச்சிகள் வந்தன. எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டார். பிளைவுட் ஓரத்தில் ஒட்டியிருந்த லேமினேட் பட்டி ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. அதைத் தூக்கினால் உள்ளே கறுப்புத் தார் பூசியது போல எச்சம். முதல் ஆள் அடித்த மருந்து இந்த இடங்களில் ஒன்றையும் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. கட்டில் முடிந்து ஸ்விட்ச் போர்டு, சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, டிராலி பெட்டியின் சக்கர இடுக்கு, என் தையல் மெஷின் மேஜையின் அடிப்பக்கம், நான் உட்காரும் ஸ்டூலின் குஷன். ஸ்டூலில் இரண்டு இருந்தன. மெஷினில் இல்லை. "இல்ல அக்கா, சுத்தமா இருக்கு" என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை.

அவர்கள் வேலை செய்த வரிசையைச் சொல்கிறேன், நீங்கள் கூப்பிடும் ஆள் இப்படிச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் மெல்லிய மூக்கு வைத்த வாக்குவம் கிளீனரால் உயிரோடு இருப்பதையும் செத்ததையும் உறிஞ்சினார்கள். அந்தப் பையை உடனே பாலித்தீனில் கட்டி வெளியே எடுத்துப் போனார்கள். அடுத்தது நீராவி. இதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. மெத்தையின் பைப்பிங்கில் நீராவி முனையை மிக மெதுவாக, விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். வேகமாகப் போனால் மேல்தான் ஈரமாகும், உள்ளே சூடு இறங்காது. முனையில் துணி சுற்றியிருந்தார். இல்லாவிட்டால் காற்று வேகத்தில் பூச்சி தெறித்து ஓடிவிடுமாம். முட்டையைக் கொல்வது இந்தச் சூடுதான். தெளிக்கிற மருந்தில் பெரும்பாலானவை முட்டை ஓட்டைத் தாண்டுவதில்லை. என்னிடம் துணிக்குப் பிடிக்கிற கைஸ்டீமர் ஒன்று உண்டு, முன்பே அதைப் பிடித்துப் பார்த்திருந்தேன். அது வெறும் வெதுவெதுப்பான ஈரம், இதற்குப் போதாது.

எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து. அதையும் அறை முழுக்க அடிக்கவில்லை. இடுக்கு, துளை, கட்டில் சட்டத்தின் சந்து, இவ்வளவுதான். ஸ்விட்ச் போர்டுக்குள் ஈர மருந்து கூடாது என்று மெயினை அணைத்துவிட்டுப் பொடி தூவினார்கள். கேட்காமலே கேனைத் திருப்பிக் காட்டினார் பெரியவர். நம் நாட்டுப் பூச்சிமருந்து லேபிளில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் நஞ்சின் கடுமை. சிவப்பு மிகக் கடுமை, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. இவர்களுடையது நீலம். மருந்தின் பெயர், கலந்த அளவு, அடித்த இடங்கள் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேளாண்மைத் துறை உரிமத்தின் நகலும் கையில் இருந்தது. பூச்சிமருந்து அடிக்கும் தொழிலுக்கு அந்த உரிமம் வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

முதல் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். கடையில் எளிதாகக் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை, உலகம் முழுவதும் மூட்டைப்பூச்சி அதற்குப் பழகிவிட்டது என்றார். டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து வந்த புதிதில் கூண்டோடு செத்த பூச்சி, 1940-களின் கடைசியிலேயே அதைத் தாங்க ஆரம்பித்துவிட்டதாம். அடித்த உடனே பத்து செத்ததைக் காட்டி யாராவது காசு வாங்கினால், சாகாதவை எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும்.

துணிகள் என் பொறுப்பு. இதில் நான் அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தேன். பருத்தியை அண்டாவில் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தாயிற்று. பட்டை எப்படிக் கொதிநீரில் போடுவது? தலைகீழாகப் புரட்டி, மேலே ஒரு மல் துணி போட்டு, தையல் ஓரங்களில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். கொக்கி மடிப்பு, கைக்குழி, லைனிங் சேரும் இடம். அப்புறம் உடனே பாலித்தீன் பையில் போட்டு டேப் ஒட்டி, தேதி எழுதினேன். முப்பத்தியொரு பேர் துணி, இரண்டு முழு நாள். ஒரு துணியில்கூடப் பூச்சி இல்லை. இருந்தாலும் செய்தேன்.

மெத்தை உறை 1,650 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். மெத்தை முழுவதையும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற வகை. மேலே மட்டும் மாட்டுகிற தண்ணீர் புகாத விரிப்பு இதற்கு உதவாது. தையல்காரியாகச் சொல்கிறேன்: துணி நன்றாக இருக்கிறது, உள்பக்கம் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) ஒழுங்கு, ஜிப்பின் பல் நெருக்கம். குறை எங்கே என்றால், ஜிப் மூடி முடிகிற இடத்தில் ஒரு அரிசி போகிற இடைவெளி. எள்ளைவிடச் சிறிய குஞ்சுக்கு அது பெரிய வாசல். நான் அங்கே ஒரு துணிப்பட்டி வைத்துத் தைத்து, மேலே டேப் ஒட்டினேன். வாங்கினால் முதலில் அந்த முனையைப் பாருங்கள். இன்னொரு குறை, நம் ஊர் வெயிலுக்கு அது சூடு, புரண்டால் சரசரவென்று சத்தம். மேலே இரண்டு பருத்தி விரிப்பு போட்டுச் சமாளிக்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும் என்பதால் ஒரு வருடம் கழற்றக் கூடாது.

கிண்ணங்கள் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, மொத்தச் செலவே 240 ரூபாய்தான், ஆனால் தினமும் எனக்குப் பதில் சொல்கிறவை அவைதான். ஒவ்வொரு கட்டில் காலுக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் கால். பெரிய கிண்ணத்தின் வெளிப்பக்கம் சொரசொரப்பான துணி ஒட்டினால் பூச்சி ஏறும். உள்ளே இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் விழுந்தால் வழுக்கி வெளியே வர முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் இவ்வளவுதான் சொல்வார்கள். நம் வெப்ப நாட்டு மூட்டைப்பூச்சி வேறு இனம், வழவழப்பான சுவரிலும் ஓரளவு ஏறும் என்று அந்தத் தம்பி எச்சரித்தார். அதனால் உள்பக்கம் டால்கம் பவுடரை விரலால் மெல்லிசாகப் பூசச் சொன்னார். வாரம் ஒரு முறை பூசுகிறேன். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிண்ணம் வைத்தே பயன் இல்லை.

மார்ச் 22-ஆம் தேதி இரண்டாம் முறை வந்தார்கள், இது 4,800-க்குள் அடக்கம். ஏன் பதினான்கு நாள்? நம் வெப்பத்தில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு ஐந்து முறை சட்டை உரித்துத்தான் பெரிதாகும், ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இரத்தம் குடித்தாக வேண்டும், அதற்குப் பல வாரம் ஆகும். ஆகவே பதினான்காம் நாள் தப்பிய முட்டையெல்லாம் பொரித்திருக்கும், ஆனால் அந்தக் குஞ்சு எதுவும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் பிடிக்க வேண்டும். இரண்டாவது வருகையைப் பற்றிப் பேசாத சர்வீஸுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மறுபடி காசு வாங்கக் காத்திருக்கிறது. அன்று கிடைத்தவை ஆறு குஞ்சுகள், எல்லாம் என் கட்டில் சட்டத்தில். மாமியார் கட்டிலில் ஒன்றுமில்லை.

மார்ச் 25-ஆம் தேதி தலைமாட்டு இடது கிண்ணத்தில் ஒரு குஞ்சு. அதுதான் கடைசி. ஏப்ரல் 12-ஆம் தேதி அவர்கள் வந்து மறுபடி பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, காசும் வாங்கவில்லை.

அவர்களிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் பத்து மணி என்று சொல்லிப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். அதுவரை மாமியார் சாப்பாட்டுப் பையோடு திண்ணையில் காத்திருந்தார். நீராவி பட்டு மர அலமாரியின் ஓரத்தில் பாலிஷ் வெளுத்துவிட்டது, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். 4,800 ரூபாய் என்பது எனக்குப் பன்னிரண்டு லைனிங் பிளவுஸ் கூலி. கொடுக்க முடியாதவர்கள் ஏராளம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது: முதலில் 240 ரூபாய்க்குக் கிண்ணம் வையுங்கள், பழைய கார்டும் டார்ச்சும் எடுத்துக் கட்டிலைக் கழற்றுங்கள், கிடைப்பதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், துணியைக் கொதிநீரில் போடுங்கள். மிச்சக் காசு சேர்ந்த பிறகு ஆளைக் கூப்பிட்டால், அவர்கள் வேலை பாதியாகியிருக்கும். 1,200 ரூபாயை நான் செலவழித்த விதத்தில் மட்டும் செலவழிக்காதீர்கள்.

மே மாதம் மகள் லீவுக்கு வந்தாள். வாசலிலேயே பெட்டியைத் திறந்து, துணிகளை நேராக அண்டாவுக்கு அனுப்பினோம். பெட்டியின் சக்கர இடுக்கையும் தையல் ஓரத்தையும் அவளே கார்டால் சுரண்டிப் பார்த்தாள். விடுதியில் அவள் சொன்ன பிறகு அந்த மாடி முழுக்கக் கட்டில்களைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்களாம். மாமியார் தன் இரும்புக் கட்டிலின் ரப்பர் மூடிகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றிக் கழுவிக் காயவைக்கிறார். நேற்றும் நான்கையும் வரிசையாகத் திண்ணையில் வைத்திருந்தார்.